மக்காச்சோளம் ஒடிக்கத் தொடங்கும்போது: சிறு விவசாயக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெரம்பலூர், அரியலூர், சேலம், திண்டுக்கல், விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களில் புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த மக்காச்சோளம் தை மாதத்தில் ஒடிப்புக்கு வரும். வீட்டு ஆட்கள், நாலைந்து கூலி ஆட்கள், ஒரு வாடகை மெஷின் என்று 2 முதல் 10 ஏக்கர் வரை பார்க்கும் குடும்பங்களுக்காக எழுதியது இது. நன்றாக விளைந்த சோளம் பெரும்பாலும் கெட்டுப்போவது, கதிரை ஒடித்த பிறகு மணி காய்ந்து முடிவதற்குள் இருக்கும் ஐந்தாறு நாட்களில்தான். அதனால் அந்த நாட்களைப் பற்றித்தான் இங்கே அதிகம் இருக்கிறது.

பயிர் முற்றிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நாள் கணக்கு ஒரு தோராயம்தான். ரகத்தைப் பொறுத்து 95 முதல் 110 நாள் என்பார்கள். பூக்கும் சமயத்தில் மழை தவறினால் பத்து நாள் முன்னதாகவே தோகை காய்ந்துவிடும், மணி முற்றியிருக்காது. மேலுறை வெளுத்துவிட்டதே என்று ஒடித்தால், சுருங்கிய மணிதான் கிடைக்கும்.

கதிரின் நடுப்பகுதியிலிருந்து ஒரு மணியைப் பிடுங்கி, சக்கையில் (மணி உதிர்ந்தபின் மிஞ்சும் நடுத்தண்டு) ஒட்டியிருந்த அடிமுனையைப் பாருங்கள். அங்கே இருக்கும் மெல்லிய தோலை நகத்தால் சுரண்டினால், உள்ளே பழுப்பு அல்லது கறுப்பு நிறத்தில் ஒரு கோடு தெரியும். கோடு கறுத்துவிட்டால் செடியிலிருந்து மணிக்கு இனி எதுவும் போகாது. எடை கூடுவதும் அன்றோடு நின்றுவிட்டது. வரப்போரச் செடி சீக்கிரம் காயும் என்பதால் அதை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. வயலுக்குள் ஐந்து இடத்தில், இடத்துக்கு இரண்டு கதிர் பாருங்கள். பத்தில் ஒன்பது கறுத்திருந்தால் பயிர் முற்றிவிட்டது.

கறுப்புக் கோடு வந்ததும் ஒடித்துவிடலாமா?

வேண்டாம். அந்தச் சமயத்தில் மணியின் ஈரம் 30 முதல் 35 சதவீதம் இருக்கும். வெயிலும் காற்றும் இருந்தால் செடியிலேயே நாளுக்கு முக்கால் முதல் ஒரு சதவீதம் இறங்கும். மூடுபனியாகவே இருந்தால் அரை சதவீதம்கூட இறங்காது.

கையால் ஒடித்துக் கதிராகக் காயவைப்பதென்றால் 22 முதல் 25 சதவீதத்தில் தொடங்கலாம். பெல்ட் வண்டியோ டயர் வண்டியோ (அறுவடை மெஷின்) விட்டு வயலிலேயே அடிப்பதென்றால் 18 முதல் 20 வரை இறங்க வேண்டும். கதிரடிக்கும் மெஷினில் போட 15 முதல் 18. விற்க 14. வீட்டில் மாதக்கணக்கில் வைக்க 12. இந்த எண்களை வீட்டுச் சுவரில் எழுதி வைத்துக்கொண்டாலும் தப்பில்லை. அறுவடையில் எடுக்க வேண்டிய முடிவுகள் எல்லாம் இவற்றிலிருந்துதான் வரும்.

ஈரம் பார்க்கும் கருவி இல்லை. என்ன செய்வது?

நன்றாகக் காய்ந்த, மூடி இறுக்கமான கண்ணாடி பாட்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றில் ஒரு பங்கு மணி போட்டு, வெயிலில் உலர்த்திய உப்பு இரண்டு மூன்று கரண்டி சேர்த்து, ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்கி, கால் மணி நேரம் வையுங்கள். பாட்டிலின் உட்பக்கம் உப்பு ஒட்டியிருந்தால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாமல் எல்லாம் அடியில் விழுந்திருந்தால் அதற்குக் கீழே. விற்கலாமா, சாக்கில் கட்டலாமா என்று பார்க்க இது போதும். 18-ஆ 22-ஆ என்று இது சொல்லாது.

அதற்குக் கருவிதான் வேண்டும். நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கினால் ஒரு பருவத்திலேயே போட்ட காசு வந்துவிடும். அளக்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். கருவி நெல்லில் இல்லாமல் மக்காச்சோளத்தில் வைக்கப்பட்டிருக்க வேண்டும். களத்துச் சூட்டோடு அள்ளிய மணியை அளந்தால் எண் தவறும். நிழலில் ஆறவிட்டு அளக்க வேண்டும். காலைப் பனி மணிமேல் இருந்தால் உள்ளே காய்ந்திருந்தாலும் ஈரம் அதிகமாகவே காட்டும். ஒரே குவியலில் மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள்.

இரண்டு மூன்று துண்டு நிலம் இருக்கிறது. எதை முதலில் ஒடிப்பது?

அதிகம் காய்ந்ததை முதலில் என்பதுதான் வழக்கம். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது தண்டின் பலத்தை. பூத்த பிறகு வறட்சி பட்ட வயல்களில் கரிக்கோல் அழுகல் வரும். வெளியே செடி நன்றாக நிற்கும். அடிக்கணுவைப் பிளந்தால் உள்ளே நார் நாராகப் பிரிந்து, கரித்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். காற்றோடு ஒரு மழை அடித்தால் அந்த வயல் படுத்துவிடும்.

இருபது செடிகளை ஒவ்வொன்றாக இடுப்பு உயரத்தில் பிடித்து ஒரு முழம் சாயும்படி தள்ளுங்கள். இரண்டு மூன்று செடி நிமிராமல் ஒடிந்து விழுந்தால் அந்த வயல்தான் முதலில். ஈரம் 25 இருந்தாலும் கையால் ஒடித்துவிடுங்கள். தரையில் கிடக்கும் கதிரில் கறையானும் எலியும் பூஞ்சையும் ஏறும். மெஷினும் அதை எடுக்காது. அடுத்தது காட்டுப்பன்றி, மயில், கிளி இறங்கும் வயல். நல்ல தண்டோடு நிற்கும் வயல் இன்னும் பத்து நாள் தாங்கும், காத்திருக்கட்டும்.

முதல் நாள் எவ்வளவு ஒடிக்கலாம்?

உங்கள் களம் எவ்வளவு காயவைக்குமோ அவ்வளவு மட்டும். ஆள் கிடைத்துவிட்டார்கள் என்று நாலு ஏக்கரையும் இரண்டே நாளில் ஒடித்துக் குவிப்பதால்தான் பாதி நஷ்டம் வருகிறது.

கணக்கு இதுதான். மேலுறை உரித்த கதிரை அரை அடி உயரம் பரப்பினால், ஒரு சென்ட் களத்தில் சுமார் 25 குவிண்டால் கதிர் கொள்ளும். கதிர் எடையில் ஐந்தில் நாலு பங்கு மணி என்பதால் இது 20 குவிண்டால் மணி. அடித்த மணியைப் பரப்பும்போது இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகக் கூடாது. அப்போது அதே ஒரு சென்டில் 14, 15 குவிண்டால்தான் கொள்ளும். 25 சதவீதத்தில் ஒடித்த கதிர் அடிக்கும் பதத்துக்கு வர நல்ல வெயிலில் நாலைந்து நாள், அடித்த மணி 14-க்கு வர இரண்டு மூன்று நாள். ஆக ஏக்கருக்கு 20 குவிண்டால் அளவில் விளையும் என்றால், ஒரு சென்ட் களம் உள்ளவர் ஒரு தடவையில் ஒரு ஏக்கருக்கு மேல் ஒடிக்கக் கூடாது. அது ஏறிய பிறகுதான் அடுத்தது. களம் சிறியதாக இருந்தால், மீதியைச் செடியிலேயே காயவிட்டு 18-க்கு வந்ததும் ஒடியுங்கள். தண்டு பலமாக இருக்கும் வயலுக்குச் செடியைவிட நல்ல களம் இல்லை.

ஏக்கருக்கு எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால் சாக்கு, தார்ப்பாய், வண்டி எல்லாம் சரியாகச் சொல்லி வைக்கலாம். 2 அடி வரிசையில் விதைத்திருந்தால் ஒரு வரிசையில் 22 அடி நீளத்துக்குள் உள்ள கதிர்களை எண்ணி ஆயிரத்தால் பெருக்குங்கள். அதுதான் ஏக்கருக்குக் கதிர் எண்ணிக்கை. மூன்று நாலு இடத்தில் எண்ணிச் சராசரி எடுங்கள். பத்துக் கதிரை உதிர்த்து நிறுத்து, ஒரு கதிருக்கு எத்தனை கிராம் என்று பாருங்கள். 22 அடியில் 20 கதிர், கதிருக்கு 110 கிராம் என்றால் ஏக்கருக்கு 22 குவிண்டால்.

ஒடித்த கதிரை ஒரு நாள் குவியலாக வைத்தால் என்ன ஆகும்?

மணி உயிருள்ள பொருள். ஈரத்தோடு குவித்தால் மூச்சுவிட்டுச் சூடேறும். மாலையில் குவித்த 25 சதவீதக் கதிருக்குள் மறுநாள் காலை கையை முழங்கை வரை விட்டுப் பாருங்கள்; வெதுவெதுப்பு தெரிந்தால் உடனே பிரித்துப் பரப்ப வேண்டும். புளித்த வாடை வந்துவிட்டால் நிறம் போய்விட்டது என்று அர்த்தம். மேலுறையோடு குவித்தால் இன்னும் சீக்கிரம் கெடும். வேறு வழியில்லாமல் இரவு குவிக்க நேர்ந்தால் முழங்கால் உயரத்துக்கு மேல் வேண்டாம். நீளவாக்கில் பாத்திபோல் குவியுங்கள்.

கையால் ஒடிப்பதா, மெஷின் விடுவதா?

ஆள் கிடைத்து, களம் இருந்து, மாட்டுக்குத் தட்டை வேண்டுமென்றால் கை. ஏக்கருக்கு 8 முதல் 12 ஆள் பிடிக்கும். நெருக்கமாக விளைந்த வயலுக்கு இன்னும் கூடும். ஒடிப்பவர் கதிரைக் கீழ்நோக்கி வளைத்து ஒரு முறுக்குக் கொடுத்தால் காம்பு சுத்தமாக விடும். மேலே இழுத்தால் செடியே வேரோடு வரும். மேலுறையின் நுனியைச் சிறு கூர்க்கம்பியால் கிழித்து, இரண்டாகப் பிரித்து, கதிரை மட்டும் உருவ வேண்டும். அங்கேயே பூஞ்சை பிடித்த கதிரைத் தனிச் சாக்கில் போடச் சொல்லுங்கள். பிறகு பொறுக்க முடியாது.

மூன்று ஏக்கருக்கு மேல், ஆள் இல்லை, தண்டு நேராக நிற்கிறது என்றால் மெஷின். சாய்ந்த வயலில் மெஷின் விட்டால் கதிர் பாதி தரையில்தான் கிடக்கும்.

மெஷின் வருவதற்கு முன் வயலில் என்ன செய்ய வேண்டும்?

வயலின் இரு தலைப்பிலும் வண்டி திரும்ப 4 மீட்டர் அகலத்துக்குக் கையால் ஒடித்துத் தட்டையையும் வெட்டிவிடுங்கள். நாலு மூலையும் அப்படியே. கல், சொட்டுநீர்க் குழாய், கிணற்று வாய், பள்ளம் இருக்கும் இடத்தில் துணி கட்டிய குச்சி நடுங்கள். உங்கள் வரிசை இடைவெளியை வண்டிக்காரரிடம் முன்பே சொல்லுங்கள்; கதிர் பறிக்கும் தலைப்பகுதி வரிசைக்கு ஒத்து வராவிட்டால் செடி சாய்ந்து கதிர் நழுவும். கரிசல் மண்ணில் காலை வைத்தால் செருப்புத் தடம் ஆழமாகப் பதிகிறதென்றால் இரண்டு நாள் பொறுங்கள். அந்த ஈரத்தில் ஓடிய சக்கரத்தடம் அடுத்த உழவிலும் கட்டியாகப் புரளும்.

பனி விலகாமல் தொடங்கக் கூடாது. நனைந்த தோகை உருளைகளில் சுற்றி அடைக்கும். காலை 10 மணிக்கு மேல்தான் ஓட்டம் சரியாக இருக்கும்.

மெஷின் எவ்வளவு சோளத்தை விட்டுவிட்டுப் போகிறது என்று எப்படிப் பார்ப்பது?

முதல் இரண்டு சுற்று ஓடியதும் நிறுத்தச் சொல்லி, வண்டிக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். 2 அடிக்கு 5 அடி இடத்தில் உதிர்ந்த மணிகளை எண்ணுங்கள். 20 மணி கிடந்தால் ஏக்கருக்கு ஏறக்குறைய 24 கிலோ போகிறது. முழுக் கதிர் சென்டுக்கு ஒன்று கிடந்தால் ஏக்கருக்கு 100 கதிர், அதாவது 11, 12 கிலோ. இந்த அளவைத் தாங்கிக்கொள்ளலாம். மூன்று மடங்கு இருந்தால் வண்டியைச் சரிசெய்யாமல் மேலே ஓட்டக் கூடாது.

முழுக் கதிர் விழுந்தால் ஓட்டம் அதிவேகம், அல்லது தலைப்பகுதி வரிசைக்கு நேராக இல்லை. தலைப்பகுதி ஓடிய இடத்திலேயே மணி உதிர்ந்து கிடந்தால், கதிரைத் தடுத்து நிறுத்தும் தகடுகளின் இடைவெளி அகலம். கதிர் உருளையில் பட்டு நசுங்குகிறது. பின்னால் சக்கையோடு மணி விழுந்தால் ஃபேன் காற்று கூடுதல், இல்லையென்றால் சல்லடை அடைத்திருக்கிறது. மணிக்கணக்கில் வாடகை கொடுக்கும்போது வண்டிக்காரர் வேகமாகப் போனால் நமக்கு லாபம் என்று தோன்றும். தரையைப் பார்த்துவிட்டு அதை முடிவு செய்யுங்கள்.

கதிரடிக்கும் மெஷினில் மணி உடைகிறது. காரணம் என்ன?

சக்கையைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். வெளியே விழும் சக்கை முழுசாகவோ இரண்டு மூன்று துண்டாகவோ இருந்து, அதில் மணி இல்லாமல் இருந்தால் மெஷின் சரியான பதத்தில் இருக்கிறது. சக்கை தூளாக வந்தால் டிரம் வேகம் கூடுதல், அல்லது டிரம்முக்கும் அடிச்சல்லடைக்கும் இடைவெளி குறைவு. சக்கையில் மணி ஒட்டியே வந்தால் கதிர் காயவில்லை, இல்லையென்றால் இடைவெளி அதிகம்.

டிராக்டரின் பி.டி.ஓ. (மெஷினைச் சுற்றவைக்கும் பின்பக்கத் தண்டு) நிமிடத்துக்கு 540 சுற்றில் ஓட வேண்டிய மெஷினைக் கூடுதல் ஆக்சிலரேட்டரில் ஓட்டுவதுதான் நடைமுறையில் முதல் காரணம். இரண்டாவது காரணம் ஈரம். 20-க்கு மேல் இருந்தால் மணி நசுங்கும், அடிமுனை பிய்ந்து சக்கையிலேயே நிற்கும். 13-க்குக் கீழே போனால் கண்ணாடிபோல் தெறிக்கும். மூன்றாவது, கதிரை விட்டுவிட்டுப் போடுவது. டிரம் காலியாகச் சுற்றும்போது விழும் முதல் கதிர்கள் அடிபட்டு உடையும். ஒரே சீராகப் போட வேண்டும்.

முதல் சாக்கு நிரம்பியதும் மெஷினை நிறுத்தி ஒரு கை மணி எடுத்து 100 எண்ணுங்கள். அதில் உடைந்ததும் கீறியதும் 4-க்கு மேல் இருந்தால் வேகத்தைக் குறைத்து மறுபடி பாருங்கள். கீறல் கண்ணுக்குத் தெரியாவிட்டால் மணியை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மேல்தோலில் மயிரிழைபோல் ஓடும். வண்டு முதலில் ஏறுவது அந்த மணியில்தான்.

மெஷின் பக்கத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

ஊட்டும் தொட்டி 90 சென்டிமீட்டர் நீளமும், அதில் டிரம் பக்கம் 45 சென்டிமீட்டர் மூடியும் இருக்க வேண்டும் என்பது தர விதி. கை டிரம்முக்கு எட்டக் கூடாது என்பதற்காகத்தான் அந்த அளவு. மூடியைக் கழற்றிய மெஷினைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஒரு நாள் தாமதம் ஆனால் ஆகட்டும். சிக்கிய கதிரைக் கையால் தள்ளக் கூடாது. குச்சியாலும் தள்ளக் கூடாது, குச்சியோடு கையையும் இழுக்கும். வண்டியை நிறுத்தி, சுற்றுவது நின்ற பிறகுதான் எடுக்க வேண்டும்.

பி.டி.ஓ. தண்டுக்கு உறை கட்டாயம். சேலைத் தலைப்பு, துண்டு, லுங்கி, பின்னல் எதுவும் தொங்கக் கூடாது. சேலைமேல் சட்டை போட்டு இறுக்கிக் கட்டிக்கொள்வது நல்ல வழக்கம். தூசிக்கு மூக்கில் துணி. சைலன்சர் பக்கம் சேரும் காய்ந்த தோகையை மணிக்கு ஒரு தடவை அள்ளிவிட்டு, இரண்டு குடம் தண்ணீர் பக்கத்தில் வையுங்கள். குழந்தைகள் களத்துப் பக்கமே வர வேண்டாம்.

ரோட்டில் காயவைக்கலாமா?

கூடாது. இரவில் இரு சக்கர வாகனம் சறுக்கி விழும். வண்டி ஏறி மணி உடையும், தார்க்கல் கலக்கும். சிமெண்ட் களம் இல்லையென்றால் சாணம் மெழுகிய தரைமேல் தார்ப்பாய் விரித்துப் போடலாம்.

பனி உலர்ந்ததும் 9 மணிக்குப் பரப்பி, மணிக்கொரு தடவை கால்களால் சால் இழுத்துக் கிளறி, மாலை 5 மணிக்குள் குவித்து மூட வேண்டும். தை மாதப் பனி பகலில் இறங்கிய ஈரத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிடும். காலையில் தார்ப்பாயைத் தூக்கும்போது உட்பக்கம் வியர்த்திருந்தால் மணி இன்னும் ஈரம்.

பூஞ்சை பிடித்த கதிர் கொஞ்சம் கலந்தால் என்ன?

மஞ்சள் கலந்த பச்சைத் தூள் படிந்த கதிரில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு இருக்கக்கூடும். கழுவினாலோ காயவைத்தாலோ வறுத்தாலோ அது முழுதாகப் போகாது. உணவுத் தானியத்தில் கிலோவுக்கு 15 மைக்ரோகிராம் வரைதான் அனுமதி. தமிழ்நாட்டு மக்காச்சோளத்தில் பெரும்பகுதி நாமக்கல் பக்கத்துக் கோழிப் பண்ணைகளுக்குத் தீவனமாகப் போகிறது. அங்கேயும் சோதித்துத்தான் எடுப்பார்கள். சில கதிர்களால் முழு லோடும் திரும்பி வரலாம்.

படைப்புழு துளைத்த கதிரின் நுனி வழியாகத்தான் பூஞ்சை பெரும்பாலும் நுழையும். நுனி மட்டும் கெட்டிருந்தால் அந்த அளவை ஒடித்து எறிந்துவிட்டு மீதியைத் தனியாக வைத்து அடியுங்கள். வெள்ளையோ இளஞ்சிவப்போ படர்ந்ததும் நல்லதல்ல. ஒதுக்கியதை வீட்டு மாட்டுக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும் போடாதீர்கள். பாலிலும் நஞ்சு இறங்கும். குழியில் போட்டு மூடுங்கள்.

ஒடிப்புக்கு நடுவில் மழை வந்துவிட்டால்?

செடியில் நிற்கும் கதிரை விட்டுவிடுங்கள். தலை கவிழ்ந்த கதிருக்குள் தண்ணீர் இறங்காது. நிமிர்ந்து உறை பிரிந்த கதிர்களை மட்டும் மழை விட்டதும் ஒடித்துவிட வேண்டும், இல்லையென்றால் கதிரிலேயே முளைவிடும். ஒடித்த கதிரைக் கூரைக்கு அடியில், காற்றோட்டமாக, ஒரு அடிக்கு மேல் போகாமல் பரப்புங்கள். தார்ப்பாய் போட்டு நாள் முழுக்க மூடியே வைத்தால் மழையில் நனைந்ததைவிட மோசமாகப் புழுங்கும்.

வியாபாரி ஈரத்துக்குக் கழிக்கிறார். எவ்வளவு கழிப்பது நியாயம்?

14 சதவீதத்தை அடிப்படையாக வைத்தால், 100 கிலோ மணி 16 சதவீதத்தில் இருந்தால் காய்ந்தபின் 97.7 கிலோ, 18-இல் 95.3 கிலோ, 20-இல் 93 கிலோ. ஆக 18 சதவீதச் சோளத்துக்கு 5 கிலோ வரை கழிப்பது நியாயம். 8 கிலோ கழித்தால் காயவைத்தே விற்கலாம். காய்ந்ததற்கு குவிண்டால் ரூ.2,300 என்றால் 20 சதவீதத்தில் உள்ளதற்கு ரூ.2,139 கிடைக்க வேண்டும். அதிலிருந்து காயவைக்கும் கூலியை மட்டும் கழித்துப் பாருங்கள்.

2025-26 காரிஃப் பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு ரூ.2,400. பேசும்போது இந்த எண் கையில் இருக்கட்டும். காலிச் சாக்கைத் தனியாக நிறுத்து அந்த எடையை மட்டும் கழிக்கச் சொல்லுங்கள். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் விவசாயியிடம் கமிஷன் வாங்குவதில்லை. ஏலத்துக்கு முன் அங்கே ஈரமும் அளப்பார்கள்.

விலை ஏறும் வரை வீட்டில் வைக்கலாமா?

12 சதவீதத்துக்குக் காய்ந்திருந்தால் வைக்கலாம். மணி ஆறிய பிறகே சாக்கில் கட்டுங்கள். பழைய சாக்கை வெயிலில் போட்டு உதறுங்கள். மரப்பலகை அடுக்கி, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை நடுச்சாக்கில் கைவிட்டுப் பாருங்கள். சூடோ மாவுத்தூளோ இருந்தால் வண்டு இறங்கிவிட்டது, உடனே வெயிலில் கொட்டுங்கள்.

வண்டைக் கொல்லப் புகையூட்டும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டில் ஒருபோதும் வைக்காதீர்கள். அதன் வாயு பக்கத்து அறையில் தூங்குபவரைக்கூடக் கொல்லும். பயிற்சி பெற்ற உரிமம் உள்ளவர்கள் மட்டுமே கையாள வேண்டிய மருந்து அது.

ஒடித்து முடித்த வயலில் மாட்டை விடலாமா?

உடனே விடாதீர்கள். உதிர்ந்த கதிரை ஆட்கள் ஒரு தடவை பொறுக்கிய பிறகு விடுங்கள். பசியோடு இறங்கும் மாடோ ஆடோ மணியை அள்ளித் தின்றால் வயிற்றில் புளித்து, உப்பி, அசைபோடுவதை நிறுத்திவிடும். ஒன்றிரண்டு நாளில் சாகவும் கூடும். முதலில் வீட்டில் வயிறு நிறையத் தட்டையோ வைக்கோலோ போட்டுவிட்டு, ஒரு மணி நேரம் மட்டும் மேயவிட்டுப் பிடித்துக் கட்டுங்கள். அசைபோடாமல் தனியே நிற்கும் மாட்டைக் கண்டால் அன்றே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.